சைகோனில் போகாத வீடு

எங்கள் சனம் விமானம் ஏறினால் அது இறங்குகிற ஊரில் ஒரு மாமா வீடாவது இருக்க வேண்டும். ரொறொன்ரோவில் சித்தப்பா, லண்டனில் பெரியம்மா, பாரிஸில் மச்சான். பெட்டியில் பாதி எங்கள் உடுப்பு, மீதி ஊராரின் பார்சல். கல்யாணம் முடித்துப் பதினாறு வருடத்தில் நானும் கணவரும் ஹோட்டலில் தங்கியது ஒரேயொரு தடவைதான்; அதுவும் பனிப்புயல் வந்து நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள் என்பதற்காக. அதனால் நாற்பது வயதில் எனக்கு ஒரு விசர் பிடித்தது. நமக்கென்று ஒருவருமே இல்லாத ஊருக்குப் போக வேண்டும். ஒரு வீட்டுப் படியும் ஏறக் கூடாது. முதுகில் ஒரு பை, கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல், அவ்வளவுதான்.

வியட்நாம் என்று தீர்மானித்தபோது மாமி கேட்ட முதல் கேள்வி, "அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை மாமி."

"பேந்தேன் போறியள்?"

நாங்கள் வாங்கி வந்த இரண்டு முதுகுப் பைகளையும் அவர் தூக்கிப் பார்த்தார். "முதுகில பையைப் போட்டுக்கொண்டு ஓடினது காணாதே? இப்ப காசு குடுத்து மூட்டை தூக்கப் போகினமாம்" என்றார். நான் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை.

நான் வேலை செய்வது மொன்றியலில், புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில். மருந்துக் கடைகளுக்குப் போகும் சாமான்களைப் பெட்டியில் அடுக்குவதுதான் வேலை. எனக்கு எதிரே நிற்பவள் வியட்நாம்காரி. எட்டு வருடமாக நாங்கள் இருவரும் ஒரே மேசை. புரோசார்டிலிருந்து தினமும் ஆற்றைக் கடந்து வருகிறவள். என் வடையில் பாதி அவளுக்கு, அவளுடைய ரோல்ஸில் பாதி எனக்கு. நாங்கள் கதைக்கிற மொழி கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் ஆங்கிலம், மீதி கைச்சாடை. அவள் சொன்னதையெல்லாம் இங்கே என் பேச்சில்தான் எழுதுகிறேன், எனக்கு அது அப்படித்தான் கேட்டது.

முதல் ஐந்து நாள் சைகோனில் நிற்கப் போகிறோம் என்று அவளிடம் சொன்னேன். அவளுடைய ஊர். சொன்ன கையோடு, வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று, "அம்மாவுக்கு ஏதும் குடுத்து விடு, நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றும் சொல்லிவிட்டேன். அவள் கேட்கவேயில்லை. எங்கள் சனத்துக்கு இது தும்மலைப் போல வருகிற விஷயம். ஒருவர் ஒரு ஊருக்குப் போகிறார் என்றால் அந்த ஊரிலுள்ள தாய்மாருக்குப் பார்சல் போக வேண்டும். அதிலிருந்து தப்பத்தான் இந்தப் பயணமே. ஆனாலும் அப்படிச் சொன்னது என் வாய்தான்.

அடுத்த நாள் அவள் ஒரு சின்னப் பார்சலோடு வந்தாள். மூட்டு வலிக்குப் பூசுகிற களிம்பு, வைட்டமின் போத்தல், மேப்பிள் பிஸ்கட், ஒரு மெல்லிய ஸ்வெட்டர். சாப்பாட்டு நேரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பார்சல் முக்கியமில்லை" என்றாள். "அவவின்ர முகத்தைப் பார். நடக்கிறாவோ, ஆக்களைத் தெரியுதோ எண்டு பார். அண்ணை ஒண்டும் ஒழுங்காச் சொல்லுறானில்லை. போனில ஒரு நிமிசம் முகத்தைக் காட்டுவான், பிறகு நித்திரை எண்டு வெட்டிப் போடுவான். நீ சரியில்லை எண்டு சொன்னா நான் உடன போவன். நல்லா இருக்கிறா எண்டா கோடைக்கு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் முடியப் போவன்."

அவள் ஊருக்குப் போய் ஆறு வருடம். தாய் சந்தையில் மீன் விற்றுத் தனியாளாக இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். கடுமையான மனுசி என்று அவளே சொல்லியிருக்கிறாள். லீவும் காசும் ஒரு பயணத்துக்குத்தான் காணும். இப்போதா, கோடையிலா? அந்தத் தீர்மானத்தை என் கண்களிடம் ஒப்படைத்துவிட்டு அவள் மேசைக்குத் திரும்பிப் போனாள்.

சைகோனில் முதல் நாள் நாங்கள் றோட்டைக் கடக்கப் படித்தோம். ஐப்பசி மாதம், மழைக் காலம், காற்றே இல்லாத புழுக்கம். மோட்டார் சைக்கிள்கள் ஆறாக ஓடின, இடைவெளி என்று ஒன்று வரவேயில்லை. கால் மணித்தியாலம் ஓரத்திலேயே நின்றோம். பிறகு ஒரு கிழவி, கையில் கீரைக்கட்டோடு, எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு நேரே இறங்கி நடந்தார். அவருக்குப் பின்னால் நாங்களும் இறங்கினோம். வாகனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. அந்தக் கரை சேர்ந்ததும் இவர், என் கணவர், என் கையை விடாமல் நின்று சிரித்தார். எவ்வளவு காலமாயிற்று இந்த மனுசன் இப்படிச் சிரித்து என்று நினைத்தேன். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் நாள் முழுக்க நடை. நடைபாதையில் குழந்தைப் பிள்ளைகள் இருக்கிற அளவு பிளாஸ்ரிக் ஸ்டூலில் குந்தியிருந்து, ரின்பால் ஊற்றிய கோப்பி குடித்தோம். விடியற்காலைச் சூப்பு, மத்தியானம் பாண், பின்னேரம் என்னவென்று தெரியாத ஒன்று. எங்களை ஒருவருக்கும் தெரியாது. "எந்த ஊர், ஆற்ற பிள்ளை" என்று ஒருவரும் கேட்கவில்லை. பார்சல் அறையில் கட்டிலுக்குக் கீழே இருந்தது. நாளைக்குப் போவோம் என்றேன்.

மூன்றாம் நாள் நகரத்துக்கு வெளியே பஸ்ஸில் கூட்டிப் போய் யுத்த காலத்துச் சுரங்கங்களைக் காட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று, குனிந்து, உள்ளே போய், சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நானும் போனேன், படமும் எடுத்தேன். இவர் வரவில்லை. "நான் பங்கருக்குள்ள இருந்தது எனக்குக் காணும்" என்று சொல்லிவிட்டு ஒரு மரத்துக்குக் கீழே இருந்துவிட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் அவராகவே சொன்னார், "நாளைக்கு அந்தப் பிள்ளையின்ர தாயைப் பாத்திட்டு வருவம்." ஒரு முழு நாளைக் கொடுத்துப் பிறத்தியாருடைய பங்கரைப் பார்த்தோம், ஒரு மனுசியைப் பார்க்க அரை மணித்தியாலம் கிடைக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை.

நான்காம் நாள் உண்மையாகவே வெளிக்கிட்டோம். விலாசத்தில் இரண்டு சாய்கோடுகள் இருந்தன. ஒழுங்கைக்குள் ஒழுங்கை, அதற்குள் வீடு என்று அர்த்தமாம். பாதி வழியில் மழை பிடித்தது. நாங்கள் ஒழுங்கை வாசலுக்கு வந்தபோது தண்ணீர் கணுக்காலுக்கு மேலே, மண்ணிறமாக, குப்பையோடு ஓடிக்கொண்டிருந்தது. ஊராட்கள் ஒன்றும் நடக்காததுபோலக் காற்சட்டையை மடித்துக்கொண்டு நடந்தார்கள். மூலைக்கடைக்காரியிடம் விலாசத்தைக் காட்டினோம். அவள் கையை நீட்டி, அந்தா, அந்த நீல வாசலுக்கு அங்கால் என்று காட்டினாள். கிட்டத்தான். ஒரு ஐம்பது யார் தூரம்தான் இருக்கும்.

என் காலில் முதல் நாள் வாங்கிய புதுச் செருப்பு.

"வாரும், போவம்" என்றார் இவர், சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு.

"இந்தத் தண்ணிக்குள்ளயோ? எனக்கேலாது. நாளைக்குப் போவம்."

"நாளைக்கு நாங்கள் பஸ் ஏற வேணும்."

"பஸ் பின்னேரம்தானே. விடியப் போவம்."

விடிந்தது. வெயில். தண்ணீர் வடிந்திருக்கும். எனக்குத்தான் எழும்ப மனம் வரவில்லை. ஒரு வீட்டுக்குப் போவது, தெரியாத மொழியில் சிரிப்பது, தந்ததைச் சாப்பிடுவது, எழும்புகிறோம் என்று சொல்ல முடியாமல் இருப்பது. இதைத்தானே நான் நாற்பது வருடமாகச் செய்கிறேன் என்று கோபம் வந்தது. விடுதிக்காரப் பெண் எங்கள் பார்சலைப் பார்த்துவிட்டு, விலாசத்தைத் தாருங்கள், எங்கள் மோட்டார் சைக்கிள்காரன் அரை மணித்தியாலத்தில் கொண்டுபோய்க் கொடுப்பான் என்றாள். நான் கொடுத்துவிட்டேன்.

"அந்தப் பிள்ளை கேட்டது பார்சலை இல்லை" என்றார் இவர்.

"இது எங்கட விடுமுறை. ஒருக்காலாவது ஒருத்தரின்ர வீட்டையும் போகாமல் இருக்க விடுங்கோ" என்று கத்தினேன். வரவேற்பில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மிச்சம்பிடித்த அந்த அரை நாளில் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கால் பிடித்துவிடுகிற கடையொன்றில் சாய்நாற்காலியில் படுத்துக் கிடந்தேன். அவளுடைய தாயின் வயதிருக்கும் ஒரு மனுசி என் பாதத்தைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசினார். நான் நித்திரையாகிவிட்டேன்.

மொன்றியலுக்குத் திரும்பியபோது மரங்களில் இலையே இல்லை. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும்போது உண்மையைச் சொல்வது என்றுதான் இருந்தேன். மழை, வெள்ளம், நேரம் கிடைக்கவில்லை, மன்னித்துக்கொள். வசனங்களைக்கூட பஸ்ஸில் அடுக்கி வைத்திருந்தேன். சாப்பாட்டு அறைக்குள் போனால் அவள் எனக்காக ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் செய்துகொண்டு வந்து, மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கண்டனியோ?"

"ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் யோசிக்கவில்லை, வாய் தானாகவே சொல்லிக்கொண்டு போயிற்று. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணம் போய்வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அம்மா தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே இருந்து அவர்களுடைய வாயையே பார்ப்பார். அங்கே இருந்த அம்மம்மாவைப் பற்றி அவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே கதைதான். கொஞ்சம் மெலிஞ்சிட்டா, ஆனா நல்லா இருக்கிறா. சாப்பிடாமல் விடமாட்டன் எண்டிட்டா. உங்களைப் பற்றித்தான் ஒரே கதை. போகேக்க படலை மட்டும் வந்து கையைப் பிடிச்சவா. இந்தப் பாட்டு எனக்குத் தேவாரம்போல மனப்பாடம். அதைத்தான் அவளுக்குச் சொன்னேன், ஒரு வரி விடாமல்.

"ஸ்வெட்டரை உடன போட்டுப் பாத்தவா" என்றேன். கதைக்குள் பக்கத்து வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண்ணை மொழிபெயர்க்க வைத்தேன். தமையனை வேலைக்கு அனுப்பினேன். படம் எடுக்கவில்லையா என்று கேட்டாள். போனில் சார்ஜ் இல்லை என்றேன். "வெளிக்கிடேக்க என்ர கன்னத்தைத் தடவி, பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு எண்டு சொன்னவா."

அவள் மேசையிலிருந்து கைகளை எடுத்தாள். பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அவளுடைய தாய் ஒருவரையும் தொடாதவர். நான் சொன்னது அவளுடைய தாயே இல்லை, எங்கள் ஊர்த் தாய். முட்டாள்தனமாக ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவைக் கொண்டுபோய் சைகோனில் இருத்திவிட்டேன்.

அவளுடைய கண் நிறைந்துவிட்டது. "என்ர சீவியத்தில அவ என்னைச் சாப்பிட்டனியோ எண்டு கேட்டதில்லை" என்றாள். "கோப்பையை வைச்சிட்டுப் போயிடுவா. வயது போகப் போக மாறியிருக்கிறா என்ன?"

"ஓம், வயது போனா அப்பிடித்தான்" என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் பயமில்லை, கோடைக்கே போகிறேன் என்றாள். என் தட்டில் நாலு ரோல்ஸ் வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

ஒரு கிழமையில் தமையனின் கதை வந்தது. ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை, மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன்தான் பார்சலைத் தந்துவிட்டுப் போனான் என்று சொல்லியிருக்கிறான். அவள் கோபத்தோடு வந்தாள். அந்தக் கோபம் என்மேல் இல்லை.

"இப்ப பொய்யும் சொல்லத் துவங்கிட்டான்" என்றாள். "வேலைக்குப் போனவனுக்கு ஆர் வந்தது எண்டு எப்பிடித் தெரியும்? அண்ணியும் அவனோட சேந்து அதையே சொல்லுறா. நல்லா ஏச்சுக் குடுத்திட்டன்."

வாய் திறக்க அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை இறுக்கி மூடினேன். திறந்து மறுபடியும் மூடினேன்.

வீட்டில் இவர், "சொல்லிப் போடும். அந்தப் பிள்ளை பாவம்" என்றார்.

"நீங்கள் பெரிய அரிச்சந்திரன். உங்களுக்கென்ன, எட்டு வருசமா முகம் பாத்து வேலை செய்யிறது நான்" என்றேன். அவர் பிறகும் இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை சொல்லவில்லை.

மாசி மாதம் தமையன் மறுபடியும் போன் எடுத்தான். தாய்க்கு மோசம், உடனே வா என்றான். அவள் என்னிடம்தான் வந்தாள். கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"அவன் சொல்லுறதை நம்பேலாது. நீ சொல்லு. நீ கண்ணால கண்டனி. நான் இப்ப போக வேணுமோ?"

இதை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு வசனம் போதும். நான் போகவேயில்லை, உன் அண்ணன் சொல்வதுதான் உண்மை. அவள் என்னை அடித்திருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். ஆனால் அடுத்த விமானத்தில் போயிருப்பாள்.

"போறது நல்லதுதான்" என்று முனகினேன்.

"ஆனா நீ காணேக்க நல்லாத்தானே இருந்தவா? நடந்தவா?"

"ஓம்" என்றேன். "நடந்தவா."

அவள் ஆனி மாதத்துக்கு ரிக்கற் போட்டாள். தாய் சித்திரையில் செத்துப்போனார். விழுந்தடித்துப் போனாள், ஆனால் அவள் போய் இறங்கியது எரித்ததற்கு அடுத்த நாள்.

திரும்பி வந்த அன்று அவள் மேசைக்கு முன்னால் நின்று பெட்டிகளை மடித்துக்கொண்டே சொன்னாள். தாய் ஒரு வருடத்துக்கு மேலாகப் படுக்கையில்தானாம். ஆட்களைத் தெரியாதாம். நீ பயப்படுவாய் என்றுதான் மறைத்தேன் என்று தமையன் அழுதானாம். சரி, முடிந்தது, இனி என் முகத்தில் துப்பப் போகிறாள் என்று நின்றேன். உண்மையைச் சொன்னால், ஆறுதலாகக்கூட இருந்தது.

"அப்ப உனக்கு விளங்குதோ?" என்றாள். "ஒரு வருசமா எழும்பாத மனுசி அண்டைக்கு எழும்பியிருக்கிறா. ஸ்வெட்டரைப் போட்டிருக்கிறா. வாசல் மட்டும் வந்திருக்கிறா. என்ர பேரைச் சொல்லிக்கொண்டு ஒரு ஆள் வந்ததுக்காக." பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "அண்ணைக்கு அது பொறுக்கேல்லை. அதுதான் ஒருத்தரும் வரேல்லை எண்டு நிக்கிறான். நான் இனி அவனோட கதைக்க மாட்டன்."

அந்தத் தமையன் ஒரு வருடம் தாயைக் கழுவித் துடைத்தவன். இந்த விஷயத்தில் பொய் சொல்லாத ஒரே ஆள் அவன்தான். என் கை அவளுடைய கைக்குள் இருந்தது. நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றினாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு விகாரையில் செய்தாள். நீங்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டும் என்றாள். இவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் தனியாக, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு தட்டுப் பழத்தோடு போனேன். வாசலிலேயே அவள் என்னைப் பிடித்துக்கொண்டு, வந்திருந்த ஒவ்வொருவருக்கும் காட்டினாள். அம்மாவை எங்களுக்காகப் பார்த்துவிட்டு வந்தவள் இவள்தான் என்றாள். பெரியவர்கள் எனக்குத் தலை குனிந்தார்கள். அவளுடைய சின்னம்மா ஒருவர் என்னைப் பக்கத்தில் இருத்தி, அந்தக் கதையை என் வாயாலேயே கேட்க வேண்டும் என்றாராம். நான் சொன்னேன். வசனம் வசனமாக அவள் மொழிபெயர்த்தாள். இந்தத் தடவை முன்னையதைவிட நன்றாகவே சொன்னேன். நீல வாசலைக்கூடச் சேர்த்துக்கொண்டேன். அது மட்டும் நான் உண்மையில் தூரத்திலிருந்து கண்டது.

பிறகு அவள் என் கையில் ஊதுபத்தியைத் தந்து, பூக்களுக்கும் பழங்களுக்கும் நடுவில் வைத்திருந்த படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். ஒட்ட வெட்டிய நரைமயிர். அகன்ற முகம். இறுக்கிய வாய். கொஞ்சமும் சிரிக்காத, நேரே பார்க்கிற கண்கள். ஐம்பது யார் தூரத்தில் நான் திரும்பி வந்த அந்த மனுசியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"கடைசியா எடுத்த படம் இதுதான்" என்றாள். "நீ காணேக்க இப்பிடித்தானே இருந்தவா?"

"ஓம்" என்றேன். "இப்பிடியேதான் இருந்தவா."